வயிற்றுக்குள் முளைத்த ரத்தக் குழாய்கள்

என் வயிற்றில் இப்போது குழாய் கிடையாது. தொப்புளுக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது. குளிக்கும்போது அதன்மேல் தண்ணீர் பட்டால் இன்னும் திடுக்கென்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த இடம் நனையாமல் காத்துக்கொண்ட பழக்கம் அது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறேன். போய் வந்த அன்று துவண்டு கிடப்பேன். மறுநாள் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவான நாட்களில்தான் இதை எழுதுகிறேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எனக்குப் பாதிதான். எழுத்து கோணிக்கொண்டு போகும். என் மகள் ஷைனி அதைப் பார்த்து நல்லபடியாக எழுதித் தருகிறாள்.

என் பெயர் ஜெயசீலி. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு எதிரில் இருக்கிற காலனி. எங்கள் அப்பா அம்மா காலம்வரை வயல் கூலி. எங்கள் காலத்தில் எல்லாரும் கம்பெனிக்குப் போனோம். நான் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு வைக்கிற வேலையில் இருந்தேன். ஒரு நாள் கையை இழுப்பதற்குள் மிஷின் இறங்கிவிட்டது. விரல் போனது அப்படித்தான். அதன்பிறகு கம்பெனி வேண்டாம் என்று சந்து முனையில் ஒரு நாஷ்டா கடை போட்டேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இட்லி, வடநாட்டுப் பிள்ளைகளுக்குப் பூரி. என் வீட்டுக்காரர் மோசஸ் இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கிற மில்லில் இருந்தார். சிவக்கச் சிவக்க வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் விடுகிற வேலை. சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

நோய் முகத்தில்தான் முதலில் தெரிந்தது. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். அடுப்பருகே நிற்பதால் என்று நினைத்தேன். பிறகு காலில் செருப்பு வார் பதிந்து, கழற்றிய பிறகும் பள்ளம் மாறாமல் நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தபிறகுதான் தெருக்கோடி டாக்டரிடம் போனோம். அவர் பிரஷர் பார்த்தார். மிஷின் சரியில்லையோ என்று வேறொன்றை எடுத்து மறுபடி பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாளா இன்னாம்மா பண்ணினு இருந்த?" என்று கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே வருத்தமாகத்தான் கேட்டார்.

கிரியேட்டினின் என்று ஒன்று உண்டு. நம் தசை வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. கிட்னி அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ள முடியாவிட்டால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். எனக்கு அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள். பல வருஷமாக எனக்கே தெரியாமல் இருந்த பிரஷர், சத்தமில்லாமல் அவற்றைத் தின்றிருக்கிறது.

அங்கே எங்களுக்கு டாக்டர் ஒரு அம்மா. பொறுமையாகப் பேசுவார். மாற்றுக் கிட்னிதான் நல்ல வழி என்றார். மாமாவின் ரத்தப் பிரிவு எனக்குச் சேரவில்லை. ஊத்துக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ரோஸ், தான் தருகிறேன் என்று ஓடிவந்தாள். பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எனக்குக் கிட்னி தர வந்தவள் மாத்திரைச் சீட்டோடு திரும்பிப் போனாள்.

மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. இன்னொன்று, வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்வது. நம் வயிற்றுக்குள் குடலைப் போர்த்தினாற்போல ஒரு ஜவ்வு இருக்கிறது. அதில் நிறைய மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடும். வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அது வழியாகச் சர்க்கரை கலந்த தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கிற கழிவு ஜவ்வைத் தாண்டி அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். உடம்பில் தேங்கிய நீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். வெட்டிய மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுமே, அந்த மாதிரி. பகலும் ராத்திரியும், நாளைக்கு நாலு தடவை.

ஷைனி அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். கடை இருந்தது. நான் வயிற்று வழியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி நர்ஸ் பிரமிளா சிஸ்டர்தான் பயிற்சி கொடுத்தார். பையின் முனையையும் வயிற்றுக் குழாயின் முனையையும் வேறு எதிலும் படாமல், ஒரு நொடியில் ஒன்றோடொன்று பொருத்தித் திருக வேண்டும். என் பாதி விரல்களால் அது முடியவே இல்லை. மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் முனை கட்டில் விளிம்பில் பட்டது. நிஜப் பையாக இருந்திருந்தால் கிருமி உள்ளே போயிருக்கும். நான் அழுதுவிட்டேன்.

பின்னால் நின்றிருந்த மாமா, "நான் கத்துக்கறேன் சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் அவர் கையைப் பார்த்தார். நகக் கண்ணெல்லாம் கறுப்பு. ரேகையில் இரும்புத் தூள் ஏறி, மையால் கோடு இழுத்தது போல இருக்கும். "இந்தக் கையோடவா?" என்று கேட்டுவிட்டு, அவர் மனசு நோகக் கூடாது என்று சிரித்தார். மாமாவும் சிரித்தார். அந்த வாரம் முழுக்க எலுமிச்சம்பழத் தோலும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நகத்தை ஒட்ட வெட்டினார். அடுத்த தடவை போனபோது சிஸ்டர் அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வாங்க" என்றார்.

மில்லில் ராத்திரி ஷிப்டுக்குத்தான் படி அதிகம். அதை விட்டுவிட்டு ஜெனரல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் ஒரு தடவை போட்டுவிட்டு வேலைக்குப் போவார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து இன்னொரு தடவை. சாயங்காலம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, இரண்டு பேரும் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு உட்காருவோம். மே மாதத்தில் அந்தச் சின்ன ரூமில் வேர்வை ஓடும். அவர் அசையமாட்டார். வெளியே வந்த பையைத் தராசுக் கொக்கியில் மாட்டிப் பார்ப்பார். உள்ளே விட்டதைவிட அதிகமாக வந்திருந்தால் முகம் மலரும்.

"இன்னிக்கு சூப்பரா வந்துகீதும்மே" என்பார், என்னவோ நான் பரீட்சையில் பாஸான மாதிரி.

நன்றாகத்தான் இருந்தேன். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. மாவு அரைத்தேன், பூரி சுட்டேன். ஷைனிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். கிறிஸ்துமஸுக்குப் பைகளை அட்டைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். அங்கே ஒரு ரூமைக் கழுவி விட்டு, ஊத்துக்கோட்டையில் நாலு நாள் இருந்தேன். வியாதிக்காரி என்பதே பல நாள் மறந்துபோகும்.

ஒரு வருஷம் மழை கொட்டியது. சிப்காட் பக்கத்துத் தண்ணீரெல்லாம் எங்கள் காலனிக்குள் இறங்கிவிட்டது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை. பைகள் இருந்த பெட்டிகளைக் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டு, கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார் மாமா. சாயங்காலம் போட வேண்டிய நேரம். ஷைனி செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டாள். குடத்தில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரால் கை கழுவிக்கொண்டு அவர் போட்டுவிட்டார்.

இரண்டு மூன்று நாளில் வெளியே வந்த பை கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கி இருந்தது. வயிறு தொட்டால் அலறுகிற வலி. வயிற்றுக்குள் தொற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்து, பைத் தண்ணீரிலேயே மருந்தைக் கலந்து உள்ளே விட்டார்கள். வலி அடங்கிப் பை தெளிந்தது. நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். தராசில் மாட்டும்போது பையை வெளிச்சத்தில் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

அதற்கப்புறமும் ரொம்ப நாள் நல்லபடியாகத்தான் போனது. ஐந்தாவது வருஷத்தில் பை ஏமாற்றத் தொடங்கியது. உள்ளே விட்ட அளவுதான் திரும்பி வந்தது. பிறகு அதைவிடக் குறைவாக வந்தது. மிச்சம் எங்கே போகும்? என் காலுக்கும் முகத்துக்கும் போனது. சர்க்கரை அதிகமுள்ள பையைப் போடச் சொன்னார்கள். பையில் நிறம் வைத்து அடையாளம் காட்டியிருப்பார்கள். மஞ்சள் என்றால் சர்க்கரை குறைவு, பச்சை நடுத்தரம், சிவப்பு அதிகம். மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போனோம், பச்சையிலிருந்து சிவப்புக்கு. சிவப்புப் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக வரும். அப்புறம் அதுவும் வராது.

அப்போதுதான் அக்கா ஒரு நாள் வந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாடி இது, மூஞ்சி இப்டி உப்பினுகீது? திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறியா?"

"இல்லக்கா. ஷைனி மேல சத்தியமா இல்ல. அளந்துதான் குடிக்கிறேன்."

மதியம் மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டையைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனார். அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்தது போலவே ஆயிற்று.

"எத்தினி சோப்பு போட்டா இன்னா? இரும்புத் தூளு போவுமா அதுல?" என்றாள், சுவரைப் பார்த்து. "அன்னிக்கு மழையில சீக்கு வந்துச்சே, அது யார் கையால வந்துச்சு? அதுலேர்ந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு. ஒரு நர்ஸம்மாவ வெச்சிருந்தா என் தங்கச்சி இப்டி ஆயிருப்பாளா?"

"அக்கா, வாய மூடு" என்றேன்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எப்போதும் போலப் பொருத்தினார், திருகினார், தண்ணீர் இறங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சாப்பிடாமல் மில்லுக்குப் போய்விட்டார். அவருக்கு வைத்த சோற்றை அக்கா மூடி வைத்தாள்.  அவளுக்கு வேறு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் கையைத் தேய்க்கிற தேய்ப்பைப் பார்க்க முடியாது. தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. "வெடிச்ச கையிலதான் மாமா கிருமி தங்கும்" என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு விடியற்காலையில் என்னால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தால்தான் கொஞ்சம் காற்று வந்தது. ரயிலுக்குக் காத்திருக்க முடியாமல், காலனிப் பையன் ஒருவனின் காரில் சென்னைக்குப் போனோம். நுரையீரலில் நீர் கட்டிவிட்டது என்றார்கள். கழுத்து நரம்பில் குழாய் போட்டு மிஷினில் நீரை எடுத்தார்கள். எடுக்க எடுக்க மூச்சுத் திணறல் இறங்கி வந்தது. மாமாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். கண்ணை மூடினால் செத்துப்போவேன் என்று பயந்து, மேலே எரிகிற டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஜவ்வைப் பரிசோதித்தார்கள். அது வலிக்காத பரிசோதனைதான். ஒரு பையை வயிற்றுக்குள் விட்டு, அரை நாள் பொழுதுக்குள் சிலமுறை அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் ரத்தமும் எடுப்பார்கள். உள்ளே விட்ட சர்க்கரை எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறது, கழிவு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று அதில் தெரியும். பிரமிளா சிஸ்டர் வந்து எடுத்துப் போனார். என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா கூப்பிட்டபோது நானும் மாமாவும் போனோம்.

"ஜெயசீலி, உங்க வயித்து ஜவ்வுல புதுசா ரத்தக் குழாய் நிறைய முளைச்சிருக்குன்னு நினைக்கிறோம்" என்றார்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "அப்ப நல்லதுதானே மேடம்? கொழா நெறைய இருந்தா இன்னும் நல்லா சுத்தமாவும் இல்ல?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"கழிவு சீக்கிரம் இறங்கும், அது நிஜம்தான். ஆனா அதே குழாய் வழியா சர்க்கரையும் சீக்கிரம் ரத்தத்துக்குப் போயிடும். சர்க்கரை பைத் தண்ணியில இருக்கிறவரைக்கும்தான் உங்க உடம்பு நீரை இழுக்கும். அது போயிட்டா இழுக்க ஆள் இல்ல. உள்ள விட்ட தண்ணியையே உடம்பு திரும்பக் குடிச்சிடும்."

"ஏன் மேடம் அப்டி மொளைக்குது?"

"வருஷக்கணக்கா ராப்பகலா சர்க்கரைத் தண்ணியில ஊறுது இல்லையா அந்த ஜவ்வு. அதுக்கு அது ஒரு காயம் மாதிரி. காயம் பட்ட இடத்துக்கு உடம்பு புதுசா ரத்தக் குழாய் அனுப்பும், ஆத்துறதுக்காக. உங்க உடம்பும் அதைத்தான் பண்ணியிருக்கு."

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து உள்ளே என்னவெல்லாமோ வளர்த்திருக்கிறதே என்று இருந்தது. நீர் வரவில்லை என்று நாங்கள் சிவப்புப் பையைப் போடப் போட, அதுவும் பாவம் இன்னும் வேகமாக வளர்த்திருக்கிறது.

மாமா இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே வைத்திருந்தார். "மேடம்," என்றார், "என் கையாலயா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன், அக்கா பேசியதையும் சேர்த்து. அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு மாமாவைப் பார்த்தார்.

"மழையப்போ வந்த அந்தத் தொற்றுக்கு இதுல ஒரு சின்னப் பங்கு இருக்கலாம். இல்லவே இல்லன்னு சொன்னா பொய்யாயிடும். ஆனா ஒரு தடவைகூடத் தொற்று வராதவங்களுக்கும் இது வருது. ஒரே ஒரு தடவை தொற்றோட இத்தனை வருஷம் ஓட்டினவங்க இங்க ரொம்பக் கம்மி. அது உங்க கைதான் மோசஸ்."

வெளியே வந்து மருந்து வாங்குகிற வரிசையில் நின்றோம். "சின்னப் பங்கு இருக்கலாம்னாங்களே" என்றார் மாமா. அவர் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

அன்று சாயங்காலம் வார்டுக்கு என்னைப் பார்க்க வந்த அக்காவிடம் எல்லாம் சொன்னேன். உப்புப் போட்ட மாங்காயிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மன்னிப்பெல்லாம் அவளுக்குக் கேட்கத் தெரியாது. மறுநாள் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தாள். கூடையைப் பிரித்து, எனக்கு வைப்பதற்கு முன்பே மாமாவுக்குத் தட்டு வைத்தாள். மீன் குழம்பு அவருக்குப் பிடிக்கும்.

"துன்னு தம்பி. ரா முழுக்க முழிச்சினு கீற" என்றாள்.

அவர் குனிந்தபடியே சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

உடனே வயிற்று வழியை விட்டுவிடவில்லை. சர்க்கரைக்குப் பதில் ஒரு வகை மாவுச்சத்துக் கலந்த பை இருக்கிறது. அது அவ்வளவு சீக்கிரம் ரத்தத்துக்குள் போகாது. ராத்திரிக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். சில மாதம் கை கொடுத்தது. அதற்குள் இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்த நரம்பு இரண்டைச் சேர்த்துத் தைத்தார்கள். மிஷினில் போட அந்த நரம்பு பருக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தடவிப் பார்த்தால் உள்ளே கிர்ரென்று ஓடும். அது ஓடத் தொடங்கிய சமயத்தில் மாவுப் பையும் பலிக்காமல் போனது.

வீட்டில் கடைசியாகப் போட்ட நாள் நினைவிருக்கிறது. ஜன்னலைச் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக எதையும் உள்ளே விடாமல் மூடியை மட்டும் திருகினார். "அவ்ளோதாம்மே" என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் வயிறு காலியாக இருந்தது. லேசாக இருக்கும் என்று நினைத்தேன். பிள்ளை பெற்று எழுந்தவளுக்குப் பக்கத்தில் பிள்ளை இல்லாத மாதிரி இருந்தது.

குழாயை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மிச்சமிருந்த பைப் பெட்டிகளை வேறு யாருக்காவது ஆகட்டும் என்று மாமா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிரமிளா சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார். பெட்டி இருந்த இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது. அங்கே ஷைனி தன் படிப்பு மேஜையைப் போட்டுக்கொண்டாள்.

காயம் ஆறியபிறகு ஒரு நாள், மில்லிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்து இழுத்து என் வயிற்றின் மேல் வைத்தேன். சுடச்சுட, கரடுமுரடாக இருந்தது.

"கை கழுவலம்மே" என்று பதறி இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"இனிமே எதுக்கு?" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.  தெருவில் மில் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

சென்னையில் மிஷினுக்கு இடம் கிடைக்கவில்லை. திருவள்ளூரில்தான் கிடைத்தது. பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போக வேண்டும். மாமா மறுபடி ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டார். காலையில் மில்லிலிருந்து நேராக வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். பஸ்ஸில் தூக்கத்தில் அவர் தலை என் தோளில் இடிக்கும். கடையை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது ஒருத்தர் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்.

மிஷினில் நாலு மணி நேரம். பிரஷர் திடீரென்று இறங்கும், கால் நரம்பு சுண்டி இழுக்கும். மற்ற நாட்களில் தாகம். ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக் குடிப்பது எவ்வளவு பேஜார் என்று அனுபவித்தால்தான் தெரியும். உள்ளே கூட வருகிறவர்களை விடமாட்டார்கள். ஐந்து வருஷம் எல்லாவற்றையும் செய்த மனிதர் முதல் நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, டெக்னீஷியன் தம்பி ஊசி போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகச் சொல்லியும் போகவில்லை. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நிற்பார். நான் கண்ணை மூடிய பிறகுதான் போய் வராந்தா பெஞ்சில் படுப்பார்.

போன மாதம் அந்த வராந்தாவில் ஆர்.கே.பேட்டை பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மடியில் குழந்தை. கிட்னி போய்விட்டது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. வயிற்று வழியா மிஷினா என்று யோசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்பு வயிற்றில் செய்தார்கள் என்று நர்ஸ் சொல்லியிருப்பார் போல. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்டிக்கா இருக்கும் அது?" என்றாள்.

அந்த ரத்தக் குழாய் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடை நடத்தியதைச் சொன்னேன், ஊத்துக்கோட்டைக்குப் போனதைச் சொன்னேன், பை ஏமாற்றியதைச் சொன்னேன்.

"எத்தினி வருசம் வருங்க்கா?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. எனக்கு அஞ்சு வருசத்துக்கு மேல வந்துச்சு. எம் பொண்ணு ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் வந்துட்டா."

அவள் குழந்தையைப் பார்த்தாள். அது எத்தனையாவது வரை போகும் என்று கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. 

அவள் புருஷன் பவர்லூம் ஓட்டுகிறவன். தயங்கித் தயங்கி மாமாவிடம் கேட்டான். "யாருண்ணா போடுவாங்க அத? நர்ஸு ஊட்டுக்கு வருவாங்களா?"

மாமா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாந்தான் போட்டேன்" என்றார். "தெனம் நாலு தபா. ஒரே ஒரு தபாதான் சீக்கு வந்துச்சு, அதுவும் வெள்ளத்துல. அப்பறம் உள்ள கொழா மொளச்சிச்சு. அதுக்கு யாரு இன்னா பண்றது?"

அதை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். வழக்கம்போலக் கதவுவரை வருவார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"நீ போம்மே. நான் இவன்கிட்ட பேசினுகீறேன்" என்றார்.

கட்டிலில் படுத்து இடது கையை நீட்டினேன். ஊசி ஏறும்போது எப்போதும் கதவைப் பார்ப்பேன், அன்றும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. வராந்தாவில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு கையையும் காற்றில் தூக்கி, எதிலும் படாமல் இரண்டு முனைகளைச் சேர்த்து, மெதுவாகத் திருகிக் காட்டிக்கொண்டிருந்தார்.